பழைய பீரங்கிக் கூடுகளை இனம் காணுதல்: இதுவரை முடிந்தவை

சேகரிப்பில் உள்ள பித்தளைக் கூடுகளையும் எறிகணை உடல்களையும் வகை பிரித்துப் பதிவு செய்யும் வேலை பாதி முடிந்திருக்கிறது. உள்ளே வெடிமருந்து இல்லை என்பது கண்ணால் பார்த்தே உறுதியானவற்றை மட்டும் மேசைக்கு எடுத்தேன். நீல வண்ணம் பூசியிருந்தால் பயிற்சிக்கானது, ஆகவே ஆபத்தில்லை என்று பலர் நம்புகிறார்கள். பயிற்சிக் குண்டிலும் புகை எழுப்பும் சிறிதளவு மருந்து இருக்கக்கூடும் என்பதோடு, வண்ணத்தைப் பின்னாளில் யாரும் பூசியிருக்கலாம் என்பதால், நான் அதைச் சான்றாகவே கொள்வதில்லை.

பிரிட்டிஷ் கூடு ஒன்றுதான் அதிக நேரம் எடுத்துக்கொண்டது. 18 பவுண்டர் பீரங்கியின் கூடு சுமார் 295 மி.மீ. உயரம், 25 பவுண்டருடையது சுமார் 292 மி.மீ.; விளிம்பு சற்று நசுங்கியிருந்தாலே இந்த வேறுபாடு மறைந்துவிடும். எனவே காலிப்பரால் வாயின் உள்விட்டத்தை அளந்தேன். 18 பவுண்டரின் குழல் விட்டம் 83.8 மி.மீ., மற்றதன் விட்டம் 87.6 மி.மீ. என்பதால் இங்கே குழப்பத்துக்கு இடமில்லை. என்னிடம் இருப்பது 18 பவுண்டர். யாரோ பளபளப்பாகத் தேய்த்து வைத்திருந்த அடிப்பாகத்தில், டார்ச் ஒளியைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தபோது, அரசு உடைமையைக் குறிக்கும் அம்புக்குறியும், கார்டைட் என்னும் உந்துமருந்து முழு அளவு என்பதற்கான ‘சிஎஃப்’ எழுத்துகளும், 1916 என்ற ஆண்டும் தெரிந்தன. இது கூடு தயாரான ஆண்டு மட்டுமே; சுட்ட கூடுகளை மீண்டும் நிரப்பிப் பயன்படுத்தியதால், கடைசியாக எப்போது சுடப்பட்டது என்பதை இதைக் கொண்டு சொல்ல முடியாது. நடுவிலுள்ள ப்ரைமரில், அதாவது உந்துமருந்தைப் பற்றவைக்கும் பகுதியில், ஊசி குத்திய பள்ளமும் இருக்கிறது. அந்தப் பள்ளம் இல்லாதிருந்தால், ப்ரைமர் இன்னும் வெடிக்கக்கூடும் என்பதால், காலிக் கூட்டையும் காலி என்று எழுதியிருக்க மாட்டேன்.

அதே வகைப் பீரங்கியின் ஷ்ராப்னல் (ஈயக் குண்டுகளைச் சிதறடிக்கும் எறிகணை) உடலில், செப்பு வளையத்தின் மேல் பீரங்கிக் குழலின் உட்புறச் சுழல் வரிகள் சாய்வாகப் பதிந்திருப்பதால் அது சுடப்பட்டது என்பது தெளிவு. இவ்வகையில் ஈயக் குண்டுகளுக்குக் கீழே ஒரு தட்டும், தட்டுக்கு அடியில் கருமருந்து அறையும் உண்டு. குண்டுகள் கொட்டிப்போயிருந்தாலும் தட்டு இருக்குமானால் மருந்தும் மிஞ்சியிருக்கலாம். இதில் தட்டே இல்லை, அடித்தளம் வரை பார்க்க முடிகிறது.

குறித்த நேரத்தில் எறிகணையை வெடிக்கவைக்கும் எண் 80 நேர ஃபியூஸ் ஒன்றும் இருக்கிறது. வளையத்தில் 22 வரையிலான அளவுக்கோடுகள் தெளிவாக உள்ளதால் பெயர் கண்டுபிடிப்பது எளிதாயிற்று, ஆனால் உட்புறத்தைப் பார்க்க வழியில்லை. அதை அசைக்காமல் இருந்த இடத்திலேயே விட்டுக் காவல்துறைக்குத் தெரிவித்திருக்கிறேன். வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவினர் பார்த்துச் சொல்லும் வரை பதிவேட்டில் அதற்கான வரி நிரப்பப்படாது.