ஜெர்மனிக்குப் படிக்க வருகிறீர்களா? முதலில் முகவரியைப் பாருங்கள்

ஜெர்மனிக்கு மேற்படிப்புக்கு வரும் நம் ஊர்ப் பிள்ளைகளின் கவனமெல்லாம் ஏபிஎஸ் சான்றிதழ் (நம் கல்விச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தருவது), அட்மிஷன், ஸ்பெர்கோன்டோ (ஒரு வருடச் செலவுப் பணத்தை முன்கூட்டியே போட்டு வைக்கும் முடக்கக் கணக்கு), விசா என்ற வரிசையிலேயே தீர்ந்துபோகிறது. விசா கைக்கு வந்ததும் எல்லாம் முடிந்தது என்று வீட்டில் நிம்மதியாகிவிடுகிறார்கள், கன்சல்டன்சிக்காரர்களில் பலரும் அதோடு கையைக் கழுவிக்கொள்கிறார்கள். ஆனால் இங்கே வந்து இறங்கியபின் எல்லாவற்றுக்கும் ஆணிவேர் ஒன்றுதான்: உங்கள் பெயரில் பதிவான முகவரி. புதிதாக வருகிறவர்கள் என்னிடம் என்ன கேட்டாலும் பேச்சைக் கடைசியில் அங்கேதான் கொண்டுபோய் நிறுத்துவேன்.

குடிபுகுந்த இரண்டு வாரத்துக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிய வேண்டும் என்பது இங்கே சட்டம். அன்மெல்டுங் என்பார்கள். அதற்கு பாஸ்போர்ட் மட்டும் போதாது, ‘இவர் என் வீட்டில் இந்தத் தேதியிலிருந்து இருக்கிறார்’ என்று வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுத் தரும் தாள் வேண்டும். வாடகை ஒப்பந்தத்தைக் காட்டினால் போதும் என்று போகிறவர்கள் திரும்பி வருகிறார்கள். இந்தப் பதிவு முடிந்தால்தான் வரி எண் வரும், தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம், சில வங்கிகள் கணக்கே அதைப் பார்த்தபின்தான் திறக்கும். அந்தக் கணக்கு இருந்தால்தான் ஸ்பெர்கோன்டோவில் முடங்கிக் கிடக்கும் உங்கள் பணம் மாதாமாதம் வந்து விழும். ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992 யூரோ என்று போட்டுவிட்டு வருகிறீர்கள், ஆனால் இறங்கிய அன்று அதில் ஒரு காசு எடுக்க முடியாது. முதல் இரண்டு மாத வாடகை, முன்பணம், சாப்பாட்டுக்குத் தனியாகப் பணம் கையில் இருக்கட்டும். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் குடும்பங்களுக்கு இது எவ்வளவு பாரம் என்று தெரியும், அதனால்தான் முன்கூட்டியே சொல்கிறேன்.

வீடு தேடும்போது ‘அன்மெல்டுங் கிடையாது’ என்று போட்டிருக்கும் அறைகளை வாடகை எவ்வளவு குறைவாக இருந்தாலும் தொடாதீர்கள். அப்புறம், ‘நான் வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணத்தை அனுப்பினால் சாவியை கூரியரில் அனுப்புகிறேன்’ என்று அழகான படங்களோடு எழுதுகிறவர்கள் யாராக இருந்தாலும் ஏமாற்றுக்காரர்கள்தான். நேரில் போய்ப் பார்க்க முடியாவிட்டால் அந்த ஊரில் இருக்கும் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள். அட்மிஷன் கடிதம் வந்த அன்றே மாணவர் நல அமைப்பான ஸ்டூடியரெண்டன்வெர்க்கின் விடுதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள், விசாவுக்காகக் காத்திருக்க வேண்டாம். மியூனிக் மாதிரி ஊர்களில் காத்திருப்போர் பட்டியல் செமஸ்டர் கணக்கில் நீளும். செப்டம்பர், அக்டோபரில் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து இறங்குவதால் அப்போது தேடுவது மிகக் கடினம்.

சட்டப்படி முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகைக்கு (சூடேற்றம், தண்ணீர் போன்ற செலவு சேராத வாடகைக்கு) மேல் போகக் கூடாது. அதையும் மூன்று தவணையாகக் கட்ட உங்களுக்கு உரிமை உண்டு, இதை யாரும் தானாகச் சொல்ல மாட்டார்கள். சாவி வாங்கும் அன்று சுவரில் ஓட்டை, தரையில் கீறல் என்று எது கண்ணில் பட்டாலும் ஒப்படைப்புத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள், படமும் எடுத்து வையுங்கள். நம் சமையலுக்கென்று ஒரு எச்சரிக்கை: குளிருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்திக்கொண்டு குக்கர் வைத்து, சாம்பார் கொதிக்கவிட்டு, துணியையும் அறைக்குள்ளேயே காயப்போட்டால் ஜனவரிக்குள் ஜன்னல் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை பிடிக்கும். காலி செய்யும்போது அந்த முன்பணத்தில்தான் கைவைப்பார்கள். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை ஜன்னலை அகலத் திறந்து ஐந்து பத்து நிமிடம் விடுங்கள், லேசாகச் சாய்த்து நாள் முழுக்க வைப்பதால் சூடு போகுமே தவிர ஈரம் சரியாகப் போகாது.

இனி தபால் பெட்டி. சிரிக்காதீர்கள், இதுதான் நான் அழுத்திச் சொல்ல வேண்டிய விஷயம். இங்கே முகவரியில் பெரும்பாலும் பிளாட் நம்பர் இருக்காது. தெரு, கட்டட எண், பெயர், அவ்வளவுதான். தபால்காரர் கீழே வரிசையாக இருக்கும் பெட்டிகளில் பெயரைத் தேடுவார், இல்லையென்றால் கடிதம் திரும்பிப் போய்விடும். வங்கி அட்டை ஒரு கடிதத்தில், அதன் ரகசிய எண் இன்னொரு கடிதத்தில், வரி எண், காப்பீட்டு அட்டை, எல்லாமே தபாலில்தான் வரும். நம்மில் பலருக்கு பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், கூப்பிடும் பெயர் ஒன்று, அப்பா பெயர் குடும்பப் பெயராக நிற்கும். பெட்டியில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயரையும் ஒட்டுங்கள், அழைப்பு மணியிலும் ஒட்டுங்கள். அரசு அலுவலகமோ நீதிமன்றமோ முறைப்படி அனுப்பும் மஞ்சள் உறையில் கடிதம் வந்தால் உறையையும் பத்திரப்படுத்துங்கள், அதில் எழுதியிருக்கும் தேதியிலிருந்துதான் பதில் சொல்லும் கெடு ஓடும்.

முகவரி பதிந்த கொஞ்ச நாளில் ரேடியோ, டிவி கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். வீட்டில் டிவியே இல்லையே, மோசடியாக இருக்கும் என்று பலர் கிழித்துப் போடுகிறார்கள். மோசடி இல்லை, வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ கட்டத்தான் வேண்டும். பகிர்ந்து தங்கும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும், அவருடைய கட்டண எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் அனுப்புங்கள்.

மருத்துவக் காப்பீட்டில் நிதானம் வேண்டும். 30 வயதுக்குள் இருப்பவர்களுக்கு அரசுமுறைக் காப்பீட்டில் மாணவர் கட்டணம் மாதம் 150 யூரோவை ஒட்டி வரும். தனியார் காப்பீடு மலிவாகத் தெரியும், ஆனால் அதற்காக அரசுமுறையிலிருந்து விலக்கு வாங்கினால் படிப்பு முடியும்வரை திரும்பி வர முடியாது. இரண்டாம் வருடம் உடம்புக்கு ஏதாவது வந்தபிறகு வருந்திப் பயனில்லை.

விசா முடிவதற்கு முன்பே தங்கும் அனுமதிக்கு விண்ணப்பித்துவிடுங்கள். சந்திப்பு நேரம் கிடைக்க மாதக்கணக்காகும் ஊர்கள் உண்டு. உரிய நாளுக்குள் விண்ணப்பித்திருந்தால் முடிவு வரும்வரை சட்டப்படி இங்கே இருக்கலாம், அதற்கான சான்றைக் கேட்டு வாங்குங்கள். வேலையைப் பொறுத்தவரை 2024 மார்ச்சிலிருந்து ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி. பகுதிநேர வேலையை நம்பியே முழுச் செலவையும் கணக்குப் போட்டு வராதீர்கள், ஜெர்மன் தெரியாமல் முதல் செமஸ்டரில் வேலை கிடைப்பது கஷ்டம்.

பயணப் பெட்டியில் அரிசி, பருப்பு என்று கிலோ கணக்கில் அடைக்காதீர்கள். பெரிய ஊர்களிலெல்லாம் ஈழத் தமிழர் கடைகள் இருக்கின்றன, கறிவேப்பிலை, இட்லி அரிசி, முருங்கைக்காய் வரை கிடைக்கும். ஹாம் நகரில் காமாட்சி அம்பாள் கோயிலே இருக்கிறது. அந்த எடையில் மருந்து, மூக்குக்கண்ணாடி இன்னொரு ஜோடி, சான்றிதழ்களின் மூலப்பிரதி கொண்டுவாருங்கள். கடைகள் ஞாயிறு மூடியிருக்கும், சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

நவம்பரில் சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும், அப்போது மனசு சோர்ந்துபோனால் அறைக்குள்ளேயே கிடக்காதீர்கள். ஸ்டூடியரெண்டன்வெர்க்குகள் பலவற்றில் மனநல ஆலோசனை இலவசம், ஆங்கிலத்திலும் பேசலாம். அவசரத்துக்கு 112, போலீஸுக்கு 110, இரவிலோ விடுமுறையிலோ டாக்டர் வேண்டுமென்றால் 116117. மூன்றையும் விமானம் ஏறும் முன்பே போனில் போட்டுக்கொள்ளுங்கள்.