பழைய புரோ வி1 பந்து அசல்தானா?

ஆன்லைனில் பழைய டைட்டலிஸ்ட் புரோ வி1 கோல்ஃப் பந்து மலிவாகக் கண்ணில் பட்டால் போதும், சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் மச்சான் உடனே ஆர்டர் போட்டுவிடுவார், பார்சல் வந்ததும் "ஒரிஜினலா பாருங்க" என்று என்னிடம் நீட்டுவார். நான் முதலில் பார்ப்பது பந்தில் அச்சிட்ட எழுத்தைத்தான். அசலில் ஓரம் கூர்மையாக இருக்கும். மறுபடி பெயிண்ட் அடித்த பந்தென்றால் குழிகளில் பெயிண்ட் தேங்கி ஆழம் குறைந்திருக்கும், விளக்கடியில் சாய்த்துப் பிடித்தாலே தெரியும். இதைப் போலி என்று சொல்லமாட்டேன், உள்ளே அதே பந்துதான். ஆனால் எத்தனை நாள் மைதானக் குளத்தில் ஊறியதோ, அதைப் புதுசு மாதிரி விற்பதுதான் எரிச்சல்.

குழி எண்ணிக்கையும் உதவும். 2021 முதல் வந்த புரோ வி1-இல் 388, அதற்கு முந்தைய மாடலில் 352. உட்கார்ந்து எண்ண யாருக்குப் பொறுமை!

அப்புறம் எடை. விதிப்படி 45.93 கிராமைத் தாண்டக்கூடாது, நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் பார்த்துவிடலாம். போலியும் இதில் தேறிவிடலாம், அதனால் புட்டரால் (பந்தைக் குழிக்குள் உருட்டும் மட்டை) மெல்லத் தட்டிப் பாருங்கள்: அசலின் மென்மையான யூரித்தேன் பிளாஸ்டிக் உறை மெத்தென்று கேட்கும், 'டக்'கென்று கடினமாகக் கேட்டால் எனக்குச் சந்தேகம்தான். வாங்குமுன் கிட்டத்தில் எடுத்த படம் கேளுங்கள், விற்பவர் மழுப்பினால் விட்டுவிடுங்கள்.