அம்மாவின் சக்கர நாற்காலி: இருக்கையிலும் முதுகிலும் செய்த மாற்றங்கள்

மெடிக்கல் கடை வாசலில் மடித்து வைத்திருப்பார்களே, ரெக்ஸின் இருக்கையும் இரும்புக் குழாயுமாக, அந்தச் சாதாரண நாற்காலிதான். பக்கவாதத்தில் அம்மாவுக்கு இடது பக்கம் பலவீனம். உட்கார வைத்த கொஞ்ச நேரத்தில் இடுப்பு முன்னால் வழுக்கும், உடம்பு இடது பக்கம் சாயும். "முதுகுக்கு ஏதாவது வைப்பா" என்பார். இந்த மாதிரி நேரத்தில் எல்லா வீட்டிலும் முதுகுக்குப் பின்னால் தலையணை வைப்பார்கள். அது இடுப்பை இன்னும் முன்னால்தான் தள்ளும். இடுப்பு நேராக உட்கார்ந்தால் முதுகு பெரும்பாலும் தானாகவே நிமிரும். அதனால் இருக்கையிலிருந்தே ஆரம்பித்தேன்.

ரெக்ஸின் நாளாக நாளாகத் தூளி மாதிரி தொய்ந்துவிடும். தொடைகள் இரண்டும் நடுவில் குவியும், இடுப்பு ஒரு பக்கம் சரியும். அதற்காக 12 மி.மீ. பிளைவுட் பலகை ஒன்றை வெட்டி, இரண்டு பக்கக் குழாய்கள் மேலும் உட்காரும்படி போட்டேன். அடியில் இரண்டு மரக்கட்டைகள் அடித்தால் பலகை நகராது. நாற்காலியை மடிக்க வேண்டும் என்றால் தூக்கிவிடலாம்.

அதற்கு மேல் 2 அங்குலக் கெட்டி ஃபோம். உட்காரும்போது அழுத்துகிற இரண்டு எலும்புகளும் வரும் இடத்தில், பின்பக்கமாக ஒரு பள்ளம் வெட்டினேன். பள்ளத்துக்கு முன்னால் இருக்கும் மேடு இடுப்பை வழுக்க விடாது. எல்லாவற்றுக்கும் மேலே 1 அங்குல மெத்தென்ற ஃபோம். உறையை ரெக்ஸினில் தைத்தால் பள்ளத்தின் மேல் விறைப்பாக நின்று, வெட்டியதே வீணாகிவிடும்; வியர்வை வேறு. இழுத்தால் கொடுக்கிற பனியன் துணிதான் சரி. குஷன் ஆழத்தை, முழங்காலின் பின்பக்கத்துக்கும் அதன் விளிம்புக்கும் இடையே இரண்டு விரல் இடைவெளி இருக்கும்படி வெட்டினேன். இருக்கை உயர்ந்ததால் கால் மிதியையும் போல்ட்டைத் தளர்த்தி உயர்த்த வேண்டியிருந்தது. தொடை முழுதும் குஷனில் படிய வேண்டும், அதுதான் கணக்கு.

அப்புறம், அந்த எலும்புகளுக்கு அடியில் அழுத்தம் அதிகமா என்று பார்க்கும் விரல் சோதனை. உலக சுகாதார நிறுவனத்தின் அடிப்படை சக்கர நாற்காலிப் பயிற்சியில் இருப்பது. அம்மாவைக் கொஞ்சம் சாயச் சொல்லி, உள்ளங்கை மேல்நோக்க அந்த எலும்புக்கு அடியில் கையை வைத்துவிட்டு, நேராக உட்காரச் சொல்ல வேண்டும். விரல்நுனியை மேலும் கீழும் 5 மி.மீ. அசைக்க முடிந்தால் பயமில்லை. அசைக்க முடியாமல், விரலை எளிதாக உருவ மட்டும் முடிந்தால் எச்சரிக்கை. உருவவே கஷ்டப்படும்படி இறுக்கமாக நசுங்கினால் அந்தக் குஷன் ஆகாது. வலது பக்கம் நன்றாக அசைந்தது. இடது பக்கம் உருவத்தான் முடிந்தது. அங்கே பள்ளத்தை இன்னும் கொஞ்சம் ஆழப்படுத்திய பிறகு இரண்டு பக்கமும் அசைகிறது. படுக்கைப் புண் ஒரு தடவை வந்துவிட்டால் ஆற்றுவது பெரும் பாடு. இந்தச் சோதனையைத் தவறவிடவே கூடாது. சோதனை சரியாக வந்தாலும் அடிக்கடி பக்கவாட்டில் சாய வைத்து எடை மாற்றுகிறோம். இரவில் தோலையும் பார்க்கிறோம். அழுத்தம் போன பிறகும் மறையாத சிவப்பு இருக்கிறதா என்பதுதான் கவனிக்க வேண்டியது.

முதுகு வேலை அவ்வளவு இழுக்கவில்லை. பை தைக்கும் நைலான் பட்டைகளை வெல்க்ரோ வைத்துக் குறுக்கே கட்டி, மேலே மெல்லிய ஃபோம் போட்டேன். இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரும் பட்டையை இறுக்கமாகவும், அதற்குக் கீழே பின்புறம் உள்ளே போக இடம் விட்டும், தோள் பக்கம் சற்றுத் தளர்வாகவும் வைத்தபோதுதான் தலை நேராக நின்றது. இடது விலாப் பக்கம் ஒரு சின்னத் திண்டும் கட்டியிருக்கிறேன். பட்டைகளை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, "இதை அப்படியே விடு, டிவி நல்லாத் தெரியுது" என்றார் அம்மா.

இருக்கை உயர்ந்ததில் கைப்பிடி தாழ்ந்துபோயிற்று. பலவீனமான கை தொங்கினால் தோள் மூட்டை இழுத்துவிடும் என்பதால், இடது கைப்பிடி மேல் ஃபோம் ஒட்டிய அகலமான பலகை ஒன்று செய்யப்போகிறேன். அளவு எடுத்தாயிற்று, பிளைவுட் மிச்சம் இருக்கிறது.