இரண்டாவது பெயர்

அன்று நந்தனம் புத்தகக் காட்சியில், எங்கள் பதிப்பக ஸ்டாலில், நாங்கள் போட்ட ஒரு பேய் நாவலின் இரண்டாம் பாகத்தைப் பற்றி நான் சொன்னது பொய் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "ரெண்டு பேரும் சேர்ந்துதான் சார் எழுதினாங்க" என்றேன். அட்டையில் இரண்டு பெயர் இருக்கிறது. ஒப்பந்தத்தில் இரண்டு கையெழுத்து இருக்கிறது. ராயல்டி பாதிப் பாதி. இதில் எங்கே பொய்?

கேட்டவருக்கு ஐம்பது, ஐம்பத்தைந்து வயதிருக்கும். பொங்கலை ஒட்டிய ஞாயிறு என்பதால் கூட்டம் நெரிந்தது. பில் போடுகிற பையன் பத்து சதவீதக் கழிவு போக மீதிச் சில்லறை தேடிக்கொண்டிருந்தான். இவர் எதையும் வாங்க வரவில்லை. ஏற்கெனவே வாங்கிப் படித்துவிட்டு, பேசுவதற்கென்றே வந்திருந்தார்.

"முதல் பாகத்தைக் காலேஜ் படிக்கறப்ப தொடர்கதையா படிச்சேன் சார். கடையில நின்னே படிச்சுட்டு வந்துடுவேன். கிணத்தடிக்கு ராத்திரியில போறதுக்கு இன்னைக்கும் ஒரு மாதிரி இருக்கும். இப்படிப் பண்ணிட்டீங்களே?"

"எதைச் சொல்றீங்க?"

"அந்த ஃபிளாஷ்பேக்தான். கப்பியை இழுக்கறது யாரு, எந்த ஊரு, அப்பா பேரு என்னன்னு எல்லாம் போட்டுட்டீங்க. ரேஷன் கார்டு நம்பர் ஒண்ணுதான் பாக்கி."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். அடுத்து அவர் சொன்னதற்குச் சிரிப்பு வரவில்லை.

"ரெண்டாவதா ஒரு பேர் இருக்கே, அந்தப் பொண்ணு வேலைதானே அது? சினிமாவுக்கு எழுதற பசங்க எழுத்து, பார்த்தாலே தெரியுது. ஆனா அந்த மோட்டார், சம்ப் வர்ற இடமெல்லாம் பெரியவர் கை. அந்தப் பழைய கை அப்படியே இருக்கு."

அப்போதுதான் நான் அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவர் விடவில்லை. "சேர்ந்துன்னா? எது அவரு, எது இவங்க?"

"அதைப் பிரிச்சுச் சொல்ல முடியாது சார்."

முதல் வாக்கியத்துக்கு எங்கே வேண்டுமானாலும் பதில் சொல்வேன். இந்த இரண்டாவதோடுதான் எனக்குத் தகராறு. பிரித்துச் சொல்ல முடியும். பதிப்பகத்தில் என்னால் மட்டும்தான் முடியும். அவர் சொன்னதை அப்படியே தலைகீழாகத் திருப்பினால் போதும். ஃபிளாஷ்பேக் முழுக்கப் பெரியவர் எழுதியது. மோட்டாரும் சம்பும் அந்தப் பெண் எழுதியவை. அந்தப் பெண்ணும் அப்போது எங்களுக்குப் பின்னால், கைக்கெட்டும் தூரத்தில், அலமாரியில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தார்.

நாவலைப் படிக்காதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். முதல் பாகம் தொண்ணூறுகளில் வந்தது. வடசென்னையில் ஒரு பழைய வீடு, பின்கட்டில் கிணறு, நடுராத்திரியில் கப்பிச் சத்தம். யாரோ தண்ணீர் இறைக்கிறார்கள். காலையில் போய்ப் பார்த்தால் வாளி காய்ந்து கிடக்கும். யார் என்று கடைசி வரை சொல்லாமலே கதை முடிந்துவிடும். இரண்டாம் பாகத்தில் அந்த வீடு இடிந்து ஃபிளாட் ஆகிவிட்டது. கிணற்றை மூடி அதன் மேல் சம்ப் கட்டியிருக்கிறார்கள். ராத்திரி மூன்று மணிக்கு யாரும் சுவிட்ச் போடாமல் மோட்டார் ஓடுகிறது. மேலே டேங்க் நிரம்பி வழியவில்லை, சம்பில் தண்ணீர் குறையவும் இல்லை. ஓடியது யார் வீட்டுக் கரண்ட் என்று அசோசியேஷன் வாட்ஸ்அப் குழுவில் சண்டை நடக்கிறது. பயமும் சிரிப்பும் கலந்த அந்த நாற்பது பக்கங்களைத்தான் இப்போது எல்லோரும் பாராட்டுகிறார்கள். பெரியவர் பெயரில்.

அந்தப் பெண் எங்கள் அலுவலகத்தில் மெய்ப்புப் பார்க்க வந்தவர். பெரியவரின் பழைய நாவல்களை மறுபதிப்புக்காக வரிசையாகப் படித்து, அவர் எங்கே பத்தி பிரிப்பார், எங்கே மூன்று புள்ளி வைப்பார் என்பதெல்லாம் அத்துப்படி ஆனவர். பெரியவருக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. "இந்த வாட்ஸ்அப் காலத்துப் பேயை எனக்குத் தெரியாது தம்பி, யாராவது கூட இருந்தா எழுதலாம்" என்று அவர்தான் ஆரம்பித்தார். அவர் பேனாவில் எழுதுவார். தாளைப் போட்டோ எடுத்து அனுப்புவார். அந்தப் பெண் அதைத் தட்டச்சு செய்து, தன் அத்தியாயங்களையும் சேர்த்து எனக்கு அனுப்புவார். எல்லாம் ஒரே எழுத்துருவில் வந்து சேரும். போட்டோக்கள் எனக்கும் வந்ததால்தான் யார் எதை எழுதினார்கள் என்று எனக்குத் தெரியும்.

ஃபிளாஷ்பேக் முப்பது பக்கம், பதினாறு பக்கம் ஒரு ஃபாரம் என்ற அச்சுக் கணக்கில் கிட்டத்தட்ட இரண்டு ஃபாரம். அந்தப் பெண் அதை நான்கு பக்கமாகச் சுருக்கி இன்னொரு வடிவமும் அனுப்பியிருந்தார். அதில் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. ஒரு வளையல் மட்டும் வரும். நன்றாகத்தான் இருந்தது. பெரியவரிடம் எடுத்துப் போனேன். அவர் பீரோவைத் திறந்து ஒரு கட்டு இன்லண்ட் லெட்டரை எடுத்து என் முன்னால் போட்டார். எல்லாம் வாசகர் கடிதம். நான் பிரித்துப் பார்த்த அத்தனையிலும் ஒரே கேள்வி: கப்பியை இழுத்தது யார்?

"இத்தனை வருஷமா கேட்டுக்கிட்டிருக்கான் தம்பி. இப்பவும் சொல்லாம விட்டா ஏமாத்தினதா ஆயிடாதா? காசு குடுத்து வாங்கறவன்."

இதற்கு என்ன பதில் சொல்வது? இன்றைக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. வாசகர் கேட்டார், எழுத்தாளர் கொடுத்தார். கொடுத்ததும் வாசகர் முகம் சுளிக்கிறார். முப்பது பக்கத்தையும் வைத்தேன். அது தவறு என்று இப்போதும் சொல்ல மாட்டேன். நான்கு பக்க வடிவம் வந்திருந்தால் "கடைசி வரைக்கும் சொல்லவே இல்லையே" என்று வேறொருவர் அதே ஸ்டாலில் வந்து நின்றிருப்பார். அவரும் அந்தப் பெண்ணைத்தான் கைகாட்டியிருப்பார்.

இந்தத் தொல்லை நமக்கு மட்டும் வந்ததில்லை. பிராம் ஸ்டோக்கரின் டிராகுலா 1897இல் வந்தது. பெரும்பாலும் கடிதங்களும் நாட்குறிப்புகளும்தான். எல்லோரும் எழுதுகிறார்கள், டிராகுலா பிரபு மட்டும் தன் கதையை எழுதுவதில்லை. அவரைப் பற்றிய பயத்தில் பாதி அங்கேதான் இருக்கிறது. 2009இல் ஸ்டோக்கர் குடும்ப வாரிசு டேக்கர் ஸ்டோக்கரும் இயன் ஹோல்ட் என்பவரும் சேர்ந்து அதற்கு ஒரு தொடர்ச்சி எழுதினார்கள். கடிதமும் நாட்குறிப்பும் போய், வழக்கமான கதைசொல்லல் வந்தது. பிராம் ஸ்டோக்கரே அதில் ஒரு பாத்திரமாக வருகிறார். பிரபுவுக்கும் ஒரு நியாயம் பிறந்துவிட்டது. மூலத்தின் ரசிகர்களில் பலர் ஏன் கொதித்தார்கள் என்பது எனக்கு இந்த நாவல் வேலைக்குப் பிறகு நன்றாகவே புரிகிறது. பேய்க்கு நியாயம் கிடைத்துவிட்டால் அப்புறம் அது பேய் இல்லை, வழக்குக்காரர்.

அமெரிக்கத் திகில் எழுத்தாளர்கள் ஸ்டீபன் கிங், பீட்டர் ஸ்ட்ராப் கதை வேறு. 1984இல் சேர்ந்து ஒரு நாவல் எழுதினார்கள். தாயைக் காப்பாற்றக் கிளம்பும் பன்னிரண்டு வயதுப் பையனின் பயணம். அதன் தொடர்ச்சி 2001இல்தான் வந்தது. பையன் வளர்ந்து, போலீஸ் துப்பறிவாளர் வேலையை விட்டுவிட்டு விஸ்கான்சினில் ஒதுங்கியிருக்கிறான். குழந்தைகளைக் கொல்லும் ஒருவனைத் தேடுவதில் அந்தக் கதை தொடங்குகிறது. முதல் நாவலின் மாய உலகத்தை எதிர்பார்த்துப் போனவர்கள் அதைப் பார்க்கவே வெகுநேரம் காத்திருக்க வேண்டும். போகப் போக கிங்கின் 'டார்க் டவர்' என்ற கோபுரத் தொடர் நாவல்களின் சங்கதிகள் உள்ளே வரும். அந்தத் தொடரைப் படிக்காதவர் திணறுவார். கோபுரம் கிங்குடையது என்பதால் பழியும் தானாகவே அவர் கணக்கில் போய்ச் சேரும். ஆனால் அந்தப் பக்கங்களை எழுதியது யார் கை என்று படிக்கிறவருக்கு எப்படித் தெரியும்? ஒருவர் நடையில் மற்றவர் எழுதிப் பார்த்ததாக அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

அவர்களுக்கு அது விளையாட்டு. அட்டையில் இரண்டு பெயரும் சமமான பெயர்கள். யார் தலையில் பழி விழுந்தாலும் தாங்கும்.

நம் ஊரில் துப்பறியும் கதைகள் எழுதும் சுபா இருக்கிறார்கள். சுரேஷ், பாலகிருஷ்ணன் என்ற இரண்டு பேர். நரேந்திரன், வைஜயந்தி கதைகளைப் படித்து வளர்ந்த தலைமுறை நான். இந்த அத்தியாயம் சுரேஷா, பாலாவா என்று ஒருநாளும் யோசித்ததில்லை. யோசிக்க இடமே இல்லாதபடி முதலிலிருந்தே இருவருக்கும் ஒரே பெயர். எங்கள் புத்தகத்தில் பெரியவர் பெயர் அட்டையின் மேலே, தூரத்திலிருந்து பார்த்தாலும் தெரிகிற அளவில். அதற்குக் கீழே அதில் மூன்றில் ஒரு பங்கு அளவில் இன்னொரு பெயர். ராப்பர் டிசைன் செய்தவர் முதலில் இரண்டையும் ஒரே அளவில்தான் போட்டிருந்தார். விற்பனையில் இருப்பவர்கள் மாற்றச் சொன்னார்கள். கடைக்காரர் பெரியவர் பெயரைப் பார்த்துத்தான் ஆர்டர் போடுவார் என்றார்கள். அதுவும் உண்மைதான். நான் சரி என்றேன். சிறிய எழுத்தில் ஒரு பெயரைப் போட்டால், புத்தகம் பிடிக்காதவர் விரல் வைக்க நாமே ஓர் இடம் ஒதுக்கிக் கொடுத்ததாக ஆகிறது என்பது ராப்பர் பார்க்கும்போது யாருக்கும் தோன்றுவதில்லை.

சாயங்காலம் கேன்டீனில் வரிசையில் நிற்கும்போது அந்தப் பெண் சொன்னார், "நல்லவேளை சார், நீங்க சொல்லல."

அவ்வளவுதான். அடுத்த வாக்கியம் பஜ்ஜி விலையைப் பற்றி. நான் திரும்பிக் கேட்கவில்லை. "எதை?" என்று கேட்டால் இருவருக்கும் சங்கடம்.

அதற்குப் பிறகு அந்த வாக்கியத்தைப் பல விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். பெரியவர் மேல் உள்ள மரியாதை என்று எடுத்துக்கொள்ளலாம். சின்ன வயதில் போர்வைக்குள் படித்த எழுத்தாளர், அவர் பெயர் அடிபட வேண்டாம் என்று நினைத்திருக்கலாம். குத்தலாகவும் இருக்கலாம். எனக்குத் தெரிந்தவரை அவருக்குக் குத்திப் பேசுகிற பழக்கம் கிடையாது. ஆனால் மெய்ப்புப் பார்ப்பவர்கள் விஷயத்தில் இதை உறுதியாகச் சொல்ல முடியாது. "இந்த வாக்கியம் வேண்டுமா?" என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியே ஆளைக் கொல்கிறவர்கள்.

மூன்றாவதாக ஒன்று உண்டு. எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், அதனாலேயே அதன் மேல் சந்தேகமும் அதிகம். முதல் பாகத்தை அத்தனை ஆழமாக மனதில் வைத்திருந்த ஒரு வாசகர், அந்தப் பெண்ணின் பக்கங்களைப் பெரியவருடையவை என்று நம்பிவிட்டார். அந்த நடையைக் கற்றுக்கொண்ட ஒருவருக்கு இதைவிடப் பெரிய பாராட்டு எது? நான் வாயைத் திறந்திருந்தால் அது கெட்டிருக்கும். இப்படி நினைத்துக்கொண்டால் நான் ஒரு நல்ல காரியம் செய்தவனாகவே ஆகிவிடுகிறேன்.

ஆனால் இப்போது அந்தப் பெண்ணின் சொந்த நாவல் அச்சுக்குப் போகிறது. அட்டையில் ஒரே பெயர், பெரிய எழுத்தில். முன்பதிவுக்காகக் கடைகளுக்குப் போன் செய்தோம். ஒரு கடைக்காரர், நல்ல மனிதர், எங்களுக்கு நாள்பட்ட பழக்கம், கேட்டார்: "அந்த ரெண்டாம் பாகத்தைக் கெடுத்தாங்களே, அந்தம்மாவா?" எங்கள் விற்பனைப் பையன் என்னைப் பார்த்தான். நான் போனை வாங்கினேன். இங்கே ஸ்டால் கூட்டம் இல்லை, பின்னால் யாரும் புத்தகம் அடுக்கவில்லை. அப்போதும் என் வாயில் வந்தது, "ரெண்டு பேரும் சேர்ந்துதான் சார் எழுதினாங்க" என்பதுதான்.

பதிப்பாசிரியர் வேலையில் இது ஒரு கட்டுப்பாடு என்று நினைக்கிறேன். கையெழுத்துப் பிரதியில் பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது. எத்தனை பேருடைய எழுத்துப்பிழை, எத்தனை பேருடைய ஒருமை பன்மை மயக்கம் என் வயிற்றுக்குள் இருக்கிறது! பெரியவர்களைத் திருத்துகிறவன் வாய் திறந்தால் நாளைக்கு யாரும் பிரதியை நம்பிக் கொடுக்க மாட்டார்கள். இதைச் சொல்லும்போது எனக்கே நியாயமாகப் படுகிறது. ஆனால் கட்டுப்பாடு என்றால் எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டும். பெரியவருடைய பக்கங்களை வாசகர் திட்டி, அது அவர் எழுதியது என்றும் சரியாகவே கண்டுபிடித்திருந்தால், "இல்லை சார், சேர்ந்து எழுதினது" என்று உடனே பாதிப் பழியை இளையவர் பக்கம் தள்ளியிருப்பேனா? தள்ளியிருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

இதை எழுதலாமா என்று பெரியவரிடம் கேட்டேன். முழுக்கச் சொல்லவில்லை, "ரெண்டாம் பாகத்தைப் பத்தி ஒரு அனுபவக் கட்டுரை" என்று மட்டும் சொன்னேன். "பேரைப் போடாதே தம்பி, மத்தபடி உன் இஷ்டம்" என்றார். யார் பெயரையும் போடவில்லை. நாவல் பெயரும் இல்லை. கிணறும் கப்பியும் இருக்கின்றன, படித்தவர்களுக்கு அதுவே போதும். ஆக, ஒரு வாசகரிடம் சொல்ல மாட்டேன் என்று காத்ததை இங்கே எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது. அந்தப் பெண்ணிடம் நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பார்.

கட்டுரையைப் படித்துவிட்டுப் பெரியவர் கூப்பிட்டால் அந்த இன்லண்ட் லெட்டர்களைப் பற்றிப் பேசலாம் என்று வைத்திருக்கிறேன். நியாயம் அவர் பக்கமும் இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் கூப்பிட்டால் என்ன பேசுவது என்று இன்னும் முடிவு செய்யவில்லை.