தான்சேனில் ஒரு சனிக்கிழமை

கோரக்பூரில் ரயிலை விட்டிறங்கி சுனௌலியில் நேபாள எல்லையைக் கடந்தால், புட்வல் வரை சமவெளிதான். அதன்பின் பஸ் தினாவு ஆற்றை ஒட்டி மலையேறத் தொடங்கிவிடும். பால்பா மாவட்டத்துத் தான்சேன், சரிவில் அடுக்கடுக்காக வீடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும் பழைய ஊர். டாக்கா துணிக்கும் கரூவா என்ற பித்தளைக் கெண்டிக்கும் பெயர் போனது. நான் போனது மிஷன் ஆஸ்பத்திரியைப் பார்க்க.

திருநெல்வேலிப் பக்கம் கிறிஸ்தவக் கன்வென்ஷன் பந்தலில் வளர்ந்தவன் நான். எங்களுக்கு ஊழியம் என்றால் ஒலிபெருக்கி இருந்தே ஆக வேண்டும். நேபாளத்தில் அதற்கு வழியில்லை. 1949இல் பறவைகளைத் தேடி இந்தப் பக்கம் வந்த ராபர்ட் ஃபிளெமிங் என்ற அமெரிக்கரின் குழுவில் மருத்துவர் ஒருவரும் இருந்தார். அவரைத் தேடி நோயாளிகள் திரண்டதில்தான் எல்லாம் தொடங்கியது. 1954இல் நேபாள ஐக்கிய மிஷன் உருவானபோது அரசு விதித்த நிபந்தனை தெளிவானது: வைத்தியம் பாருங்கள், பள்ளி நடத்துங்கள், எங்கள் ஆட்களுக்குத் தொழில் கற்றுக்கொடுங்கள், மதம் மாற்றாதீர்கள்.

வாய் கட்டப்பட்டதும் கைகள் என்ன செய்தன என்பதற்கு ஓட் ஹோஃப்டுன் நல்ல சாட்சி. 1958இல் இந்த ஆஸ்பத்திரியைக் கட்ட வந்த நார்வே பொறியாளர். கட்டி முடித்ததும் ஊர் திரும்பவில்லை. 1963இல் புட்வலில் தொழிற்பயிற்சி நிலையம் தொடங்கினார். பிறகு மின்சாரக் கம்பெனி. தினாவில் ஒரு மெகாவாட். 1991இல் ஆந்திகோலா ஆற்றில் 5.1 மெகாவாட். அந்த இரண்டாவது திட்டத்துக்கு நார்வேயிலிருந்து பழைய டர்பைன்களைக் கொண்டுவந்து, மலைக்குள் சுமார் 250 மீட்டர் செங்குத்துக் குழி இறக்கிப் பொருத்தினார்கள். பாசனக் கால்வாய் வெட்ட உழைத்தவர்களுக்குத் தண்ணீரில் பங்கு. நிலம் உள்ளவருக்குத்தான் தண்ணீர் என்ற ஊரில் இது சாதாரண காரியமா? எந்தப் பிரசங்கியும் இவ்வளவு துணிச்சலாகப் பேசி நான் கேட்டதில்லை.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் அந்தப் பயிற்சி நிலையத்தில் படித்தவர், நெற்றியில் திலகம். பைபிள் சொல்லிக்கொடுத்தார்களா என்று என் அரைகுறை இந்தியில் கேட்டேன். அரம் பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள் என்றார். மேற்கொண்டு நார்வேக்காரர்களின் நேரம் தவறாமையைப் பற்றி அலுப்போடு புகழ்ந்துகொண்டே வந்தார்.

நேபாளத்தில் வார விடுமுறை சனிக்கிழமை, ஆராதனையும் அன்றுதான். வாசலில் செருப்பைக் கழற்றி, ஆண்கள் ஒருபுறம் பெண்கள் ஒருபுறமாகத் தரையில் உட்கார்ந்தோம். பாட்டுக்கு மாதல் என்ற நேபாளத்து மத்தளம் அடித்த பையனின் உள்ளங்கை சிவந்திருந்தது. ஆராதனை முடிந்து தேநீர் வந்ததும் சபை மூப்பரிடம் பேச்சுக்கொடுத்தேன். 1960களின் தொடக்கத்தில் இதே தான்சேனில், ஞானஸ்நானம் பெற்றதற்காக நேபாளியர் சிறைக்குப் போனார்கள். ஒப்பந்தத்துக்குக் கட்டுப்பட்ட வெளிநாட்டு மிஷனரிகள் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது உறுத்தவில்லையா என்று கேட்டேன்.

“அவர்கள் ஒதுங்கி நின்றதால்தான் இது எங்கள் சபை ஆயிற்று” என்றார் மூப்பர். நேபாளச் சபைகளை நேபாளியரே கட்டி எழுப்பினார்கள் என்பது உண்மைதான். ஆனால் சிறைக்குள் இருந்தவர்களின் பிள்ளைகளும் இப்படித்தான் சொல்வார்களா? மூப்பரின் பதில் எனக்கு முழுதாக ஒப்பவில்லை. அவரிடமே அதைச் சொன்னேன். சிரித்துவிட்டு, மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வரச் சொன்னார்.