தண்ணீரில் இறங்குமுன் கேட்க வேண்டிய கேள்வி

ஞானஸ்நானத்தின் பொருளை அறிய ரோமர் 6-ஆம் அதிகாரத்தின் முதல் நான்கு வசனங்களே போதும். கிறிஸ்துவோடு மரித்து, அவரோடு அடக்கம்பண்ணப்பட்டு, புதிய ஜீவனுள்ளவர்களாய் எழுந்து நடப்பது. தண்ணீருக்கென்று தனிச் சக்தி இல்லை. மாம்ச அழுக்கை நீக்குகிற காரியம் இதுவல்ல என்று 1 பேதுரு 3:21 தெளிவாகவே சொல்கிறது.

ஆகவே ஆயத்த வகுப்பில் முதலில் கேட்க வேண்டியது, "எதற்காக எடுக்கிறீர்கள்?" என்பதுதான். "வீட்டில் எல்லாரும் எடுத்துவிட்டார்கள்", "கல்யாணத்துக்குச் சர்டிபிகேட் வேண்டும்" என்ற பதில் வந்தால் நிறுத்திவைப்பதே நல்லது. அதற்காக வேதபாடத் தேர்வு வைத்து மாதக்கணக்கில் இழுக்கவும் கூடாது. பவுலையும் சீலாவையும் காவல்காத்த சிறைச்சாலைக்காரன், விசுவாசித்த அந்த இராத்திரியிலேயே ஞானஸ்நானம் பெற்றான். ஆனால் அதற்கு முன் அவனுக்கு வசனம் சொல்லப்பட்டது (அப்போஸ்தலர் 16:32, 33). கேட்டதும் விசுவாசித்ததும் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

முழுக்கு ஞானஸ்நானத்தில் பல தடுமாற்றங்களுக்குத் தண்ணீரின் ஆழமே காரணம். இடுப்புக்குச் சற்று மேலே இருக்க வேண்டும். முழங்கால் அளவு என்றால், ஆளின் முழு பாரமும் போதகரின் கையில் விழும். எடுப்பவர் இரு கைகளையும் மார்பில் கோத்துக்கொள்ளட்டும். போதகர் பக்கவாட்டில் நின்று, ஒரு கையால் அந்தக் கைகளைப் பிடித்து, மறு கையைத் தோள்பட்டைகளுக்கு நடுவே கொடுக்க வேண்டும். "பிதா, குமாரன், பரிசுத்த ஆவியின் நாமத்தில்" என்று சொல்லி முடித்த பிறகே சாய்க்க வேண்டும். பாதியில் சாய்த்தால் மூச்சுப் பிடிக்கத் தெரியாமல் தண்ணீர் குடித்துவிடுவார். எடுப்பவர் முழங்காலை மடக்கினால் எவ்வளவு கனமானவரும் எளிதாக இறங்குவார். பயத்தில் விறைத்து நின்றால்தான் கால் வழுக்கும். ஆற்றில் என்றால், நீர் வரும் திசையில் தலை இருக்கும்படி சாய்க்க வேண்டும். அப்போதுதான் நீரோட்டம் மூக்கில் ஏறாது, எழுப்பவும் உதவும். உடை கெட்டித் துணியாக, அடர்ந்த நிறத்தில் இருக்கட்டும். வயர் மைக்கைத் தொட்டியருகே கொண்டுவரவே கூடாது. மின்சாரம் பாய்ந்தால் உயிர் போகும்.

படுக்கையிலிருக்கும் நோயாளியை முழுக்க முடியாதே என்று தவிக்க வேண்டாம். ஆதித்திருச்சபையின் ஒழுங்குகளைச் சொல்லும் டிடாக்கே, ஓடும் நீர் இல்லையென்றால் வேறு நீர், அதுவும் போதாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றுங்கள் என்கிறது. குழந்தைகளுக்குக் கொடுக்கும் சபைகளில் பெற்றோரும் ஞானப்பெற்றோரும் சொல்லும் வாக்குறுதியில்தான் பாரம் இருக்கிறது. பிள்ளை வளரும்போது அதை அவர்கள் நிறைவேற்றாவிட்டால், வளர்ந்த பிள்ளை தன் விசுவாசத்தைத் தானே அறிக்கையிடும் திடப்படுத்தல் நாள் ஒரு புத்தாடை விழாவாகவே கழியும்.

மிகப் பெரிய கவனக்குறைவு நடப்பது ஞானஸ்நானத்துக்குப் பிறகு. எடுத்தாயிற்று என்று சபையும் விட்டுவிடுகிறது, எடுத்தவரும் விட்டுவிடுகிறார். மத்தேயு 28:19, 20-இல் ஞானஸ்நானம் கொடுங்கள் என்பதோடு கட்டளை முடியவில்லை. கைக்கொள்ள உபதேசம்பண்ணுங்கள் என்று தொடர்கிறது. முதல் சில மாதங்களுக்காவது முதிர்ந்த விசுவாசி ஒருவர் வாரந்தோறும் அவரோடு உட்கார்ந்து வேதம் வாசித்து ஜெபிக்க வேண்டும். பழைய பாவத்தில் மறுபடி விழுந்தவர், "திரும்ப எடுக்கட்டுமா?" என்று கேட்பார். தேவையில்லை. பாவங்களை அறிக்கையிட்டால் அவர் மன்னிப்பார் என்னும் 1 யோவான் 1:9-ஐ எடுத்துக் காட்டி, அவரோடு முழங்காலிடுங்கள்.