கேட்காமல் போன கச்சேரிகள்: லிவர்பூலில் ஒரு பீட்டில்ஸ் வாரம்

லிவர்பூல் லைம் ஸ்ட்ரீட் நிலையத்தில் ரயிலைவிட்டு இறங்கியதும் என் கண்ணில் பட்டவர்கள் இரண்டு பால் மெக்கார்ட்னிகள். ஒருவர் வயலின் வடிவ பேஸ் கிதாரை உறைகூட இல்லாமல் தோளில் மாட்டியிருந்தார். மற்றவர் காலர் இல்லாத சாம்பல் நிறக் கோட்டுடன் சாண்ட்விச் தின்றுகொண்டிருந்தார். இருவரும் போர்ச்சுகீசிய மொழியில் எதற்கோ வழக்கடித்துக்கொண்டிருந்தார்கள். நிலையத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆகஸ்டு மாதக் கடைசியில் அந்த ஊருக்கு இது பழகிப்போன காட்சி.

விழாவின் பெயர் இன்டர்நேஷனல் பீட்டில்வீக். கொரோனாவுக்கு முந்தைய ஓர் ஆண்டில் போயிருந்தேன். பிரேசில், அர்ஜென்டினா, ஜப்பான், ஸ்வீடன் என்று எங்கெங்கிருந்தோ இசைக்குழுக்கள் வந்து, பகலில் தொடங்கி நள்ளிரவு தாண்டியும் பீட்டில்ஸ் பாடல்களை வாசித்துத் தள்ளுகின்றன. பீட்டில்ஸ், அறுபதுகளில் உலகத்தையே கலக்கிய இந்த ஆங்கிலேய ஊரின் ராக் இசைக்குழு. வாசிப்பவர்களில் பலர் சொந்த ஊரில் வேறு வேலை பார்ப்பவர்கள்; ஆண்டு விடுமுறையை இதற்கென்று சேர்த்துவைத்து வருகிறார்கள். விக் வைத்த ஜான் லெனன்களை எனக்குப் பிடிக்காது, இன்றும் பிடிக்காது. நான் போனது வேறு ஆசையில். ஜான் லெனன், பால் மெக்கார்ட்னி, ஜார்ஜ் ஹாரிசன், டிரம்ஸ் வாசித்த ரிங்கோ ஸ்டார் என்ற அசல் நால்வரை நேரில் பார்த்தவர்கள் எழுபது வயதைத் தாண்டியும் இந்த விழாவுக்கு வருவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன். அவர்களிடம் கதை கேட்க வேண்டும்.

முதலில் எல்லோரும் போகும் இடத்துக்கே நானும் போனேன். மேத்யூ ஸ்ட்ரீட் ஒரு குறுகலான சந்து. இரண்டு பக்கமும் பழைய கிடங்குக் கட்டடங்கள். அங்கே நிலவறையில் இருக்கிறது கேவர்ன் கிளப். 1957 ஜனவரியில் ஜாஸ் இசைக்காகத் திறக்கப்பட்டது. 1961 பிப்ரவரி 9 அன்று ஒரு மதிய இடைவேளையில் பீட்டில்ஸ் முதன்முறையாக அங்கே வாசித்தார்கள். குழுவுக்கு மொத்தக் கூலி 5 பவுண்டு. 1963 ஆகஸ்டு 3 அன்று கடைசியாக வாசிப்பதற்குள் மொத்தம் 292 முறை மேடையேறியதாகக் கிளப்பின் கணக்கு சொல்கிறது. பதிவு நிறுவனங்களுக்கு அவர்களைக் கொண்டுசேர்த்த பிரையன் எப்ஸ்டீன், கோட்டும் டையுமாக இந்தப் படிகளில் இறங்கி முதன்முதலாக அவர்களைப் பார்த்தது 1961 நவம்பர் 9.

ஆனால் இன்று நாம் இறங்குவது அந்தப் படிகள் அல்ல. நிலத்தடி ரயிலுக்குக் காற்றுப்போக்கி அமைக்க வேண்டும் என்று 1973-இல் கிளப்பை மூடி, மேலிருந்த கட்டடத்தை இடித்து, நிலவறையை மண்ணால் நிரப்பிவிட்டார்கள். கடைசியில் அந்தக் காற்றுப்போக்கியை அங்கே கட்டவே இல்லை! பழைய செங்கற்களில் மீட்க முடிந்தவற்றைக் கொண்டு, ஏறத்தாழ அதே இடத்தில் 1984-இல் மீண்டும் கட்டினார்கள். ஒரு நகரம் தன் பொக்கிஷத்தைத் தானே புதைத்துவிட்டுப் பதினோரு ஆண்டு கழித்து அதற்கு நகல் செய்துகொண்ட கதை இது. நகல் என்றாலும், வளைந்த செங்கல் கூரைக்குக் கீழே நூறு பேர் நெருக்கியடித்து நிற்கையில் வேர்வை மட்டும் அசலாகவே வழிகிறது.

சுற்றுலா பஸ்ஸிலும் ஒரு சுற்று போய்வந்தேன். பென்னி லேனில் தெருப் பெயர்ப் பலகைகளை ரசிகர்கள் திருடித் திருடி, கடைசியில் பெயரைச் சுவரிலேயே எழுதும்படி ஆயிற்று. ஸ்ட்ராபெரி ஃபீல்டின் சிவப்பு இரும்புக் கதவுக்கு முன்னால் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அசல் கதவை 2011-இலேயே கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டதை வழிகாட்டி சொன்ன பிறகும் வரிசை குறையவில்லை. வூல்டனில் செயின்ட் பீட்டர்ஸ் தேவாலயத்துக்கு மட்டும் தனியாக நடந்து போவது நல்லது. 1957 ஜூலை 6 அன்று அங்கே நடந்த திருவிழாவில்தான் ஜானும் பாலும் முதன்முதலாகச் சந்தித்தார்கள்.

விழாவின் உச்சம் ஞாயிற்றுக்கிழமை. ரயில் நிலையத்துக்கு அருகிலுள்ள அடெல்ஃபி ஹோட்டலின் பெரிய கூடங்கள் எல்லாவற்றிலும் ஒரே சமயத்தில் கச்சேரி. ஒரு கூடம் முழுக்கப் பழைய பொருள் சந்தை: இசைத்தட்டுகள், டிக்கெட் துண்டுகள், மங்கிப்போன நிகழ்ச்சி நிரல்கள். அங்கே தேநீர் வரிசையில்தான் அந்த அம்மாவைச் சந்தித்தேன். அறுபதுகளின் தொடக்கத்தில் பக்கத்துத் தெருவில் ஒரு கப்பல் அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர். மதிய உணவு நேரத்தில் கேவர்னுக்கு ஓடுவாராம். நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். அங்கே மது கிடையாது, சூப்பும் ரொட்டியும் தேநீரும் கோக்கும்தான். சுவரில் ஈரம் வழியும். கிருமிநாசினியும் வேர்வையும் அழுகிய காய்கறியும் கலந்த நெடி உடுப்பில் ஏறிக்கொள்ளும். "நான் எங்கே போய்விட்டு வருகிறேன் என்று மேலதிகாரிக்கு மூக்கே சொல்லிவிடும்" என்றார்.

அந்த நாட்களில் பாட்டு கேட்டதா என்று கேட்டேன். "கேட்டதாவது! ஜான் கிதார் கம்பியை மாற்றும்போது முணுமுணுக்கும் வசவுகூடக் கேட்கும்." மேடைக்கும் முதல் வரிசைக்கும் இடையே கை நீட்டும் தூரம்தான். முன்வரிசைப் பெண்கள் முடியைச் சுருளவைக்கும் உருளைகளைத் தலையில் மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்து, பீட்டில்ஸ் மேடையேறும் நேரத்தில்தான் அவற்றைக் கழற்றிச் சீவிக்கொள்வார்களாம். 1962 ஆகஸ்டில், அதுவரை டிரம்ஸ் வாசித்த பீட் பெஸ்டை நீக்கிவிட்டு ரிங்கோவைச் சேர்த்தபோது கிளப்பில் பெரும் ரகளை. ஜார்ஜுக்குக் கண் கருத்துவிட்டது. இந்த அம்மா அன்று பீட் பெஸ்ட் கட்சி. கட்சி மாறவில்லை என்றும் சொன்னார், சிரிக்காமல்.

1965 டிசம்பர் 5 அன்று லிவர்பூல் எம்பயர் அரங்கில் அவர்களைக் கடைசியாகப் பார்த்திருக்கிறார். சொந்த ஊரில் பீட்டில்ஸ் வாசித்த கடைசிக் கச்சேரி அதுதான். அதைப் பற்றிச் சொல்ல அவரிடம் ஒன்றுமே இல்லை. எந்தப் பாட்டை முதலில் பாடினார்கள் என்றுகூடத் தெரியவில்லை. "கத்தினோம். நானும் கத்தினேன். அவ்வளவுதான்."

இதைக் கேட்டபோதுதான் அந்தச் சுற்றுப்பயணங்களின் விநோதம் எனக்கு உறைத்தது. உலகத்திலேயே அதிகம் பேர் பார்க்க விரும்பிய குழுவை, பார்த்தவர்களால் கேட்க முடியவில்லை. 1965 ஆகஸ்டு 15 அன்று நியூயார்க் ஷே ஸ்டேடியத்தில் 55,600 பேர். அதற்கென்றே 100 வாட் ஒலிபெருக்கிகளைச் செய்து கொடுத்தார்கள். பாட்டுக் குரலோ பேஸ்பால் ஆட்ட அறிவிப்புகள் வரும் குழாய்களில் வந்தது. மேடையில் இருப்பவர்களுக்குத் தங்கள் குரலைத் திருப்பித் தரும் ஒலிபெருக்கி என்ற ஏற்பாடே கிடையாது. முன்னால் நிற்பவர்களின் இடுப்பு அசைவைப் பார்த்துத்தான் பாட்டு எங்கே போகிறது என்று ஊகித்ததாக ரிங்கோ பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். அரை மணி நேரம், பன்னிரண்டு பாடல்கள், முடிந்தது.

இதற்கு விதிவிலக்காக ஒரு ஜப்பானியரைச் சந்தையில் பார்த்தேன். 1966 ஜூன் கடைசியில் தோக்கியோ புடோகானில் கேட்டவர். அப்போது பள்ளி மாணவர். போகக் கூடாது என்று பள்ளியில் தடை, மீறிப் போயிருக்கிறார். தற்காப்புக் கலைகளுக்கான அரங்கில் ராக் இசையா என்று தேசியவாதிகள் எதிர்த்ததால் உள்ளே போலீஸ் நிறைந்திருந்தது. எழுந்து நிற்கவும் முடியாது. அதனால் பாட்டு நன்றாகக் கேட்டது. நன்றாகக் கேட்டதில் ஒரு சங்கடமும் இருந்தது: சுருதி சேரவில்லை! இரைச்சலுக்குள் ஒளிந்து வாசித்துப் பழகிய நால்வருக்கும் தங்கள் வாசிப்பு எந்த நிலைக்கு வந்துவிட்டது என்பது அங்கேதான் தெரிந்திருக்க வேண்டும்.

இரண்டு மாதத்தில் எல்லாம் முடிந்தது. 1966 ஆகஸ்டு 29, சான் பிரான்சிஸ்கோ கேண்டில்ஸ்டிக் பார்க். விற்ற டிக்கெட் ஏறத்தாழ 25,000. இருக்கைகள் நிறைய காலி. கம்பிவேலி கட்டிய மேடை. பால் கேட்டுக்கொண்டதன் பேரில், செய்தித் தொடர்பாளர் டோனி பாரோ கையில் ஒரு சிறிய கேசட் ரெக்கார்டரோடு பதிவுசெய்தார். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம் ஓடும் டேப். கடைசிப் பாட்டான 'லாங் டால் சாலி'யின் நடுவில் அது தீர்ந்துவிட்டது. அந்த மாதம் 5-ஆம் தேதிதான் 'ரிவால்வர்' ஆல்பம் வெளிவந்திருந்தது. அந்தச் சுற்றுப்பயணத்தில் அதிலிருந்து ஒரு பாட்டுகூட வாசிக்கவில்லை. எப்படி வாசிப்பது? பின்னோக்கி ஓடும் டேப், சிதார், தந்தி வாத்தியங்கள் என்று ஸ்டூடியோவில் கட்டியெழுப்பியவை அவை. பிறகு 1969 ஜனவரி 30 அன்று லண்டனில் ஒரு மொட்டை மாடியில் 42 நிமிடம் வாசித்ததைத் தவிர, நால்வரும் சேர்ந்து பொதுமக்கள் முன் வாசிக்கவே இல்லை.

ஆக, இந்த விழாவில் விக் வைத்தவர்கள் செய்வதற்கு ஒரு வேலை மிச்சம் இருக்கிறது. அசல் குழு எந்த மேடையிலும் தராததை அவர்கள் தருகிறார்கள். அன்றிரவு அடெல்ஃபியில் ஒரு தென் அமெரிக்கக் குழு 'ரிவால்வர்' முழுவதையும் வரிசையாக வாசித்தது. இரண்டாவது பாட்டு 'எலினார் ரிக்பி'. அதில் வாசிப்பது எட்டுத் தந்தி வாத்தியக்காரர்கள் மட்டுமே; பீட்டில்ஸ் நால்வரில் ஒருவருடைய கருவியும் அதில் கிடையாது. உள்ளூர் மாணவர்கள் எட்டுப் பேரை அமர்த்தியிருந்தார்கள். செல்லோவின் வெட்டுகள் மரத்தரை வழியாகக் காலுக்கு வந்தன. அது முடியும்வரை ரிங்கோ வேடக்காரர் டிரம்ஸுக்குப் பின்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தார். "இதனால்தான் ஊர் ஊராகப் போவதை நிறுத்தினார்கள். இந்தப் பாட்டுக்கு ரிங்கோவை எங்கே உட்கார வைப்பது?" என்றார் என் பக்கத்தில் இருந்த தட்டச்சுக்கார அம்மா.

ஆல்பம் முடிந்ததும் என்ன நினைக்கிறீர்கள் என்று அவரைக் கேட்டேன். பாடியவர் பரவாயில்லை, வலது ஓரத்து வயலின் இரண்டு இடத்தில் சுருதி இறங்கியது, டிரம்ஸ் கொஞ்சம் அதிகம் என்று தீர்ப்பு வந்தது. கீழ்க் கூடத்தில் பத்தரைக்கு ஸ்வீடன்காரர்கள் தொடங்குவதாக அட்டவணையில் இருந்தது. நல்ல இருக்கை போய்விடும் என்று கைப்பையை எடுத்துக்கொண்டு அவர் கிளம்பிவிட்டார். நானும் பின்னால் ஓடினேன்.